கபன் விற்பவனின் ஆசை

கோப்பாயில் எனது முதல் வேலைமுறை காலை எட்டு மணிக்குத் தொடங்குவதாக இருந்தது. நான் ஏழு மணிக்கே போய் நின்றேன். வகுப்பறைப் பயிற்சி முடிந்து, சீருடையும் கைக்கு வந்து, முதன்முதலாக அம்புலன்ஸ் வண்டியோடு கூடப் போகும் நாள். 2019ஆம் ஆண்டு, மாசி மாதம். பருத்தித்துறை வீதியோரத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது முப்பது வயது கடந்திருந்தது. கூடப் பயின்றவர்களில் நான்தான் மூத்தவன்.

வண்டியில் இருவர். ஒருவர் சாரதி. இந்தச் சேவையில் அவரைப் 'பைலட்' என்பார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர், அதிகம் பேசமாட்டார். மற்றவர் அவசர மருத்துவ உதவியாளர். கிளிநொச்சிப் பக்கத்துப் பெடியன், என்னைவிட ஐந்து வயதாவது இளையவர். என் பெயரைக் கேட்ட மறுநிமிடமே என்னை 'நானா' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். வேலையில் அவர் எனக்கு மூத்தவர், வயதில் நான் அவருக்கு மூத்தவன். நான் அவரைத் தம்பி என்பதா, சேர் என்பதா என்று தெரியாமல் அன்று முழுவதும் எப்படியும் அழைக்காமலே சமாளித்தேன்.

"நானா, இண்டைக்கு நீங்கள் பாக்கிறது மட்டும்தான். நான் சொன்னால் ஒழிய ஒண்டையும் தொடாதேங்கோ" என்றார்.

பிறகு பட்டியலை என்னிடம் தந்தார். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொல்ல நான் அடையாளமிட வேண்டும். ஒட்சிசன் சிலிண்டரின் அமுக்கம், சளி உறிஞ்சும் கருவி, குருதி அமுக்கம் பார்க்கும் கருவி, சீனி பார்க்கும் கீற்றுகள், மூன்று அளவில் கழுத்துப் பட்டிகள், பஞ்சு, பண்டேஜ், இரண்டாகப் பிரிந்து மீண்டும் பொருந்தும் ஸ்ட்ரெச்சர். எல்லாம் முதல் நாள் இரவே இருந்தவைதான். இருந்தும் ஒன்றையும் விடாமல் தொட்டுப் பார்த்தார். அரைமணி நேரம் பிடித்தது. எனக்கு அது சற்றுச் சலிப்பாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தச் சேவையின் பெயர் 'சுவசெரிய'. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, இலக்கத்தைத்தான் சொல்வார்கள். இந்தியாவின் நன்கொடையில் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கிய சேவை, 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அதே ஆண்டில் அதற்கென ஒரு சட்டமும் நிறைவேறியது. அழைப்பவர் எங்கிருந்து அழைத்தாலும் ராஜகிரியவில் இருக்கும் நிலையத்தில்தான் எடுப்பார்கள். அங்கிருந்து அருகில் நிற்கும் வண்டிக்குச் செய்தி வரும். நோயாளியிடம் ஒரு சதமும் வாங்குவதில்லை. வேறு நாடுகளில், முக்கியமாக அமெரிக்காவின் பல ஊர்களில், தீயணைப்பும் அம்புலன்ஸும் ஒரே நிலையத்திலிருந்து புறப்படும். நம் நாட்டில் அப்படியில்லை. தீயணைப்பு மாநகர சபை போன்ற உள்ளூராட்சி நிறுவனங்களின் வேலை, இது தனி வேலை. ஆனால் இரண்டு வேலையிலும் நாளின் பெரும்பகுதி ஒன்றுதான்: காத்திருப்பது.

வண்டியின் பக்கவாட்டில் அந்த இலக்கம் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. 1990. நாட்டின் மற்றவர்களுக்கு அது நோயாளியை ஏற்றிப் போகும் தொலைபேசி இலக்கம். வடக்கு முஸ்லிம் ஒருவனுக்கு அதை அப்படி மட்டும் வாசிக்க முடியாது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணிநேரம் கொடுத்தார்கள், ஆயுதம் வைத்திருந்தவர்கள். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். எனக்கு அப்போது இரண்டு வயது, எதுவும் நினைவில்லை. வீட்டில் பெரியவர்கள் "தொண்ணூறில" என்று ஒரு பேச்சைத் தொடங்கினால், அது எங்கே போய் முடியும் என்பது மட்டும் சிறுவயதிலிருந்தே தெரியும். சீருடையை முதன்முதலாகப் போட்டுக் காட்டியபோது உம்மா என் நெஞ்சிலிருந்த இலக்கத்தைப் பார்த்துவிட்டு, "வேற நம்பர் கிடைக்கல்லியா அவங்களுக்கு?" என்று கேட்டுச் சிரித்தார். இதற்கு மேல் அந்த இலக்கத்தைப் பற்றி நான் எழுத வந்ததாக நினைத்திருக்கவில்லை. ஆனால் அன்றைய பகல் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது.

எட்டு மணி ஆயிற்று. ஒன்பது, ஒன்பதரை, பத்து. அழைப்பு இல்லை. பைலட் அண்ணை ஆசனத்தைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். உதவியாளர் பேப்பர் பார்த்தார். நான் வண்டியைச் சுற்றி நடந்தேன். வகுப்பில் ரப்பர்ப் பொம்மையின் நெஞ்சை ஆயிரம் தடவை அழுத்தியிருப்பேன். ஓடாத இரத்தத்துக்குக் கட்டுப் போட்டுப் பழகியிருந்தேன். இன்று உண்மையாகப் பார்க்கப் போகிறேன் என்று சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டவன், பத்து மணியளவில் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: ஒன்றாவது வரட்டும்.

அதுவும் சாதாரண ஒன்றல்ல, எதையாவது கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்று.

அந்த நிமிடத்தில் எனக்கு இதில் ஒரு பிழையும் தெரியவில்லை. பரீட்சை மண்டபத்தில் கேள்வித்தாளுக்குக் காத்திருக்கும் மாணவனின் அவசரம் போலத்தான் இருந்தது. வேறுபாடு பிறகுதான் உறைத்தது. என் கேள்வித்தாள் எங்கோ ஒரு வீட்டில் யாராவது விழுந்தால்தான் வரும்.

இந்த ஆசையைப் பற்றி நம் முன்னோர் யோசித்திருக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில், உழைத்துச் சம்பாதிப்பதன் ஒழுக்கங்களைப் பற்றிப் பேசுமிடத்தில், தாபிஈன்களில் ஒருவர் சொன்னதாக ஓர் அறிவுரையைக் குறிப்பிடுகிறார். பிள்ளையை இரண்டு வியாபாரங்களிலும் இரண்டு கைத்தொழில்களிலும் விடவேண்டாம் என்பது அதன் சாரம். வியாபாரங்களில் ஒன்று தானியம் விற்பது, விற்பவன் விலை ஏறுவதை விரும்புவான் என்பதால். மற்றது கபன் துணி விற்பது, அவன் மனிதர் மரணிப்பதை விரும்புவான் என்பதால். கைத்தொழில்களில் ஒன்று இறைச்சி வெட்டுவது, அது நெஞ்சை இறுக்கிவிடும் என்பதால். மற்றது பொன் வேலை, அது உலகை அலங்கரித்துக் காட்டும் என்பதால். இவற்றில் எதுவும் ஹராமான தொழில் அல்ல. கபன் விற்பவர் இல்லாமல் எந்த ஊரிலும் ஜனாஸா எழும்பாது. சொல்லப்பட்டது தொழிலின் குற்றம் அல்ல, அந்தத் தொழில் மனதில் வளர்க்கும் விருப்பத்தின் ஆபத்து.

இதே வழக்கு ஏதென்ஸ் நகரத்தில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் நிஜமான வழக்காகவே நடந்ததாகச் சொல்வார்கள். டெமாடஸ் என்ற பேச்சாளர், மரணச் சடங்குக்கான பொருட்களை விற்ற ஒருவனுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தார். அவன் பெரிய இலாபத்தை விரும்பினான், பலர் சாகாமல் அந்த இலாபம் வராது, ஆகவே அவன் பலரின் சாவை விரும்பினான் என்பது வாதம். நன்றியுதவி பற்றிய தமது நூலில் ரோம நாட்டு செனெக்கா இதை எடுத்துக்கொண்டு, அப்படியானால் யாரைத் தண்டிக்காமல் விடுவது என்று கேட்கிறார். புகழை விரும்பும் போர்வீரன் போரை விரும்புகிறான், விவசாயி பஞ்சகால விலையை விரும்புகிறான், வைத்தியனுக்கு நோய் மலிந்த ஆண்டுதான் நல்ல ஆண்டு. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் மொந்தேன் இதையே வைத்து மிகச் சிறிய கட்டுரை ஒன்று எழுதினார். ஒருவன் இலாபம் இன்னொருவன் நட்டம், இது இயற்கையின் நடைமுறை என்று சொல்லி அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுகிறார். எனக்கு அது போதவில்லை. செனெக்கா எல்லோரையும் கூட்டுக்குள் சேர்த்துவிட்டால் யாரும் குற்றவாளி இல்லை என்று ஆகிவிடுகிறது. கூட்டம் பெரிதென்பதால் ஒரு மனதின் உள்ளே நடந்தது நடக்காததாகிவிடாது.

என் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கபன் விற்பவனுக்குத் துண்டுக்கு இவ்வளவு என்று காசு வருகிறது. எனக்கு அப்படியில்லை. அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் மாதக் கொடுப்பனவு ஒன்றுதான். டெமாடஸ் என்னைக் கூண்டில் ஏற்றியிருந்தால், 'இவனுக்கு இலாபமில்லை' என்ற ஒரே காரணத்துக்காக விடுதலை செய்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் தீர்ப்பு பிழை. இலாபம் இருந்தது. அது காசாக இருக்கவில்லை, அவ்வளவுதான். இரவு வீட்டுக்குப் போய் உம்மாவிடம் சொல்ல ஒரு கதை. வகுப்பு நண்பர்களின் நடுவில் "முதல் நாளே எனக்கு..." என்று தொடங்கும் உரிமை. எல்லாவற்றுக்கும் மேலாக, நான் ஒருவரைக் காப்பாற்றினேன் என்று நானே என்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளும் வாய்ப்பு. காசை விரும்புபவன் தன் ஆசையை ஆசை என்று அறிவான். என்னுடையது தொண்டு என்ற உடுப்பைப் போட்டிருந்தது.

இந்த ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உண்மைக் கதை உண்டு. கலிபோர்னியாவின் கிளென்டேல் நகரத் தீயணைப்புப் படையில் ஜோன் ஓர் என்று ஓர் அதிகாரி இருந்தார். தீ எப்படிப் பிடித்தது என்று துப்புத் துலக்குவதில் பேர்பெற்றவர். 1991இல் பிடிபட்டார். அவர் துப்புத் துலக்கிய தீக்களில் சில அவரே வைத்தவை. 1984இல் தென் பசடினாவில் ஒரு கடை எரிந்து நான்கு பேர் இறந்ததும் அவர் கைவேலை என்று 1998இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயுள் தண்டனை. தீயணைப்புக்காரன் ஒருவனே தீ வைப்பதாக அவர் ஒரு நாவலும் எழுதி வைத்திருந்தார். இது ஒரு நோயாளியின் கதை, நம்மோடு ஒப்பிடக்கூடாது என்று சொல்லலாம். ஒப்பிடவில்லை. அவரும் முதலில் மணி அடிக்கட்டும் என்று காத்திருந்த ஒருவராகத்தான் இருந்திருப்பார் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

பத்து ஐம்பதுக்கு அழைப்பு வந்தது.

பைலட் அண்ணை கண் திறந்த மாதிரியே தெரியவில்லை, வண்டி வீதியில் ஏறிவிட்டது. என் இதயம் அடித்த அடி எனக்கே கேட்டது. உள்ளே இறங்கும் ஒழுங்கை ஒடுக்கமானது. இரண்டு பக்கமும் வேலி, பனை ஓலையும் தகரமும் கலந்தது. ஒரு படலையில் பக்கத்து வீட்டுப் பெண் நின்று கைகாட்டினார். கிணற்றடியில், ஈரச் சீமெந்தில், எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் ஆச்சி ஒருக்களித்துக் கிடந்தார். தண்ணீர் அள்ள வந்தவர் வழுக்கி விழுந்திருக்கிறார். நினைவு தெளிவாக இருந்தது. ஒரு கால் மற்றதைவிடச் சற்றுக் கட்டையாக, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. இடுப்பெலும்பு முறிவு. பாடப் புத்தகத்தில் படமாகப் போட்டிருந்தது அப்படியே கிடந்தது.

"என்ன மோனை, உங்களுக்கெல்லாம் என்னால கரைச்சல்" என்றார் ஆச்சி.

அந்த நேரத்தில் என் மனதில் என்ன ஓடியது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன். 'இவ்வளவுதானா' என்று தோன்றியது. இரத்தம் இல்லை, மூச்சு நிற்கவில்லை, நெஞ்சை அழுத்த வேண்டியதில்லை. ஒரு கிழவி வழுக்கி விழுந்திருக்கிறாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு மனுஷி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார், நான் அவருடைய வலியின் அளவு போதாது என்று நிற்கிறேன்.

உதவியாளர் ஈரத்திலேயே முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். அவருடைய சீருடைக் காற்சட்டை ஒரு நொடியில் நனைந்து போயிற்று. நாடி பார்த்தார், பாதத்திலும் துடிப்புப் பார்த்தார், சீனி பார்த்தார். ஒரு போர்வையை மடித்து இரண்டு காலுக்கும் நடுவே வைத்து இரண்டையும் சேர்த்துக் கட்டினார். இதெல்லாம் நடக்கும்போதே, வீட்டில் வேறு யார், சாப்பிட்டாச்சா, என்ன மாத்திரை போடுறனீங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தனியாகத்தான் இருக்கிறார், மகள் கனடாவில் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார். ஸ்ட்ரெச்சரை இரண்டாகப் பிரித்து ஆச்சியின் இருபக்கமும் செருகப் போகும் நேரத்தில் உதவியாளர் நிமிர்ந்து, "ஆச்சி, அடுப்பில ஏதும் கிடக்கோ?" என்று கேட்டார்.

"ஐயோ, சோத்துப் பானை" என்றார் ஆச்சி.

"நானா, ஓடிப் போய் அடுப்பை நிப்பாட்டிப் போட்டு, கதவைப் பூட்டித் திறப்பை இவவிட்டைக் குடுங்கோ."

அன்று நான் தொட்டது அவ்வளவுதான். குசினிக்குள் போனேன். விறகடுப்பு. பானை பொங்கி வழிந்து சாம்பல் நனைந்திருந்தது. பானையை இறக்கி, கொள்ளியை இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தேன். பின்கதவின் கொண்டியைப் போட்டேன். முன்கதவைப் பூட்டினேன். சுவரில் குடும்பப் படங்கள், ஒன்றில் மாலை. திறப்பைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

இருபாலை தாண்டி நல்லூர்ப் பக்கம் வண்டி போகையில் ஆச்சி என்னைப் பார்த்து, "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார். வலியை மறக்கப் பேச்சுக் கொடுத்தாரோ என்னவோ.

"யாழ்ப்பாணம்தான் ஆச்சி. சோனகத்தெரு."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அப்ப வந்திட்டியளே" என்றார். கேள்வியா, சும்மா சொன்னதா என்று எனக்குப் பிடிபடவில்லை. "ஓம் ஆச்சி, வந்திட்டம்" என்றேன். ஒரு குழியில் வண்டி இறங்கி ஏறியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார், பேச்சு அதோடு நின்றுபோயிற்று.

எனக்கு நிற்கவில்லை. 1995இல் எனக்கு ஏழு வயது. கல்பிட்டிப் பக்கத்து முகாமில் கிடுகு வேய்ந்த குடிலில் இருந்தோம். யாழ்ப்பாணத்தை நோக்கி இராணுவம் வருகிறது என்றும், வலிகாமத்துச் சனம் முழுவதும் வெளியேற்றப்பட்டு மழையில் தென்மராட்சிக்கு நடக்கிறது என்றும் வானொலியில் செய்தி வந்தது. இலட்சக்கணக்கானோர். செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தால் ஒரு கூட்டம், கோப்பாய் வெளியால் கைதடிக்கு இன்னொரு கூட்டம். அதுவும் ஒக்டோபர் 30. சரியாக ஐந்து வருஷம். குடிலுக்கு வெளியே கூடிநின்ற பெரியவர்களில் ஒருவர், "பார்த்தீங்களா, அதே திகதி" என்றார். இன்னொருவர் சிரித்தார். எனக்கு விளங்கியும் விளங்காமலும் ஒரு சந்தோஷம் வந்தது. நம் பக்கம் ஏதோ விளையாட்டில் வென்ற மாதிரி. நானும் ஓடிப்போய் உம்மாவிடம் அதே திகதி, அதே திகதி என்று சொன்னேன். உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "பின்வீட்டு அக்காவுக்கு நடக்க ஏலாதே, எப்படிப் போனாவோ" என்றார். என்னைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

ஆச்சியும் அன்றிரவு அந்தக் கைதடி வீதியால் நடந்திருப்பார். அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என் பங்கை அவரிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

வகுப்பில் இந்த ஆசைப் பிரச்சினையை நாங்கள் ஒரு தடவை பகிடியாகப் பேசியதுண்டு. ஒரு நண்பன் கெட்டிக்காரத்தனமாக ஒரு நியாயம் சொன்னான். விபத்து எப்படியும் நடக்கத்தான் போகிறது, நாம் விரும்புவது விபத்தை அல்ல, அது நடக்கும்போது நாம் அங்கே இருப்பதை. அன்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். இப்போது அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பத்து மணிக்கு யாராவது வந்து என்னிடம், இன்று வலிகாமம் முழுவதும் ஒருவரும் விழவில்லை, ஒருவருக்கும் நெஞ்சு வலிக்கவில்லை, மாலைவரை வலிக்கவும் மாட்டாது என்று உறுதி சொல்லியிருந்தால், நான் அல்ஹம்துலில்லாஹ் என்றிருப்பேனா? வாயால் சொல்லியிருப்பேன். உள்ளே முகம் விழுந்திருக்கும். நண்பனின் நியாயம் அந்த இடத்தில் உடைந்துவிடுகிறது.

செயலாகவோ சொல்லாகவோ ஆகாத எண்ணத்துக்குக் கணக்கில்லை என்று மத்ரஸாவில் படித்திருக்கிறோம். கஸ்ஸாலியும் மனதில் தானாக வந்து போவதையும் மனம் உறுதிகொள்வதையும் வேறுவேறாகப் பிரித்து, முதலாவதற்கு மனிதன் பொறுப்பில்லை என்கிறார். இது பெரிய ஆறுதல், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் கணக்கு எழுதப்படுகிறதா இல்லையா என்பதல்ல எனக்குக் கிணற்றடியில் நேர்ந்தது. அந்த ஆசை என் கண்ணில் ஏறியிருந்தது. பெரிய துன்பத்துக்காகத் தயார்செய்து வைத்திருந்த கண்ணுக்கு, எதிரில் கிடந்த துன்பம் சரியாகத் தெரியவில்லை. இடுப்பெலும்பு முறிந்த வயதானவர்களில் எத்தனையோ பேர் மறுபடி நடப்பதே இல்லை, ஒரு வருஷத்துக்குள் மௌத்தாகிறவர்களும் குறைவில்லை என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். பரீட்சையில் அதை எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தேன். கிணற்றடியில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. அதே திகதி என்று ஓடிய பையனுக்கும் அப்படித்தான். மழையில் நடந்த இலட்சம் பேரில் அவன் ஒருவரையும் பார்க்கவில்லை, திகதியைத்தான் பார்த்தான். உம்மாவுக்கு ஒருவர் தெரிந்தார், நடக்க முடியாத ஒருவர்.

கஸ்ஸாலி சொன்ன மற்றத் தொழில் இறைச்சி வெட்டுவது. எங்கள் வேலையில் அந்த ஆபத்தும் உண்டு என்பார்கள். தினமும் பார்த்துப் பார்த்து நெஞ்சு இறுகிப்போகும் என்று. அந்தக் கிளிநொச்சித் தம்பியைப் பார்த்தவர்கள் அவர் நெஞ்சு இறுகியவர் என்றுதான் சொல்வார்கள். ஆச்சிக்காக அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை, ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுப்பைக் கேட்டவர் அவர். என் மனது அந்த நேரம் உணர்ச்சியால் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, எனக்கு அடுப்பு தோன்றவில்லை. இதிலிருந்து உணர்ச்சியே வேண்டாம் என்று முடிவு கட்டவும் நான் தயாரில்லை. காலையில் சிலிண்டரையும் கீற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த அதே பழக்கம்தான் கிணற்றடியில் அடுப்பையும் தொட்டது என்று நினைக்கிறேன். போதனா வைத்தியசாலையில் ஆச்சியை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது, நாள் முழுக்க அழைப்பு வராவிட்டால் அலுப்பாக இருக்காதா என்று அவரிடம் கேட்டேன். "வண்டி சும்மா நிண்டால் நல்லம்தானே நானா" என்றார். அதற்குமேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை என்பது போல, நனைந்த காற்சட்டையைக் காற்றுக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாலை ஐந்தரைக்கு இரண்டாவது அழைப்பு. நீர்வேலிப் பக்கம், மோட்டார் சைக்கிள். காலையில் இவ்வளவு பட்டும் 'மோட்டார் சைக்கிள்' என்ற சொல்லைக் கேட்டதும் என் நெஞ்சு மறுபடி துள்ளியது. வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வீதி வளையும் இடத்தில் சனம் நின்றது. நாய் குறுக்கே ஓடியதாம். ஆளை ஓர் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கையில்தான் அடி, பேசிக்கொண்டு போனவன் என்றார்கள். ஒற்றைச் செருப்பொன்று கிடந்தது. ஒருவர் தார் வீதியில் சிந்திய எண்ணெயின் மேல் மண் தூவிக்கொண்டிருந்தார். உதவியாளர் இறங்கி, வேறு யாருக்கும் அடியில்லையா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு வந்து ஏறினார். எனக்கு ஏமாற்றம் வந்தது. காலையில் வந்ததைவிடச் சிறியது. ஆனால் வந்தது.

பிறகு எத்தனையோ முறைகளில் வண்டியில் போய்விட்டேன். பொம்மை அல்லாத நெஞ்சையும் அழுத்தியிருக்கிறேன். அந்த ஆசை முற்றாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய்யாகும். ஓய்வான நாட்களில் பதினொரு மணியளவில் அது தலைகாட்டும். அப்போது எழுந்துபோய் சிலிண்டரின் அமுக்கத்தை இன்னொரு தடவை பார்ப்பேன். பைலட் அண்ணை கண்ணை மூடியபடியே, "காலமையே பாத்தாச்சு" என்பார்.

முதல் நாளுக்கு ஒரு கிழமை கழித்து, வேறொரு நோயாளியை ஒப்படைக்கப் போதனா வைத்தியசாலைக்குப் போனபோது நேரம் கிடைத்தது. எலும்பு முறிவு விடுதியில் ஆச்சியைத் தேடிப் பார்த்தேன். சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் அருகில் இருந்தார். ஆச்சிக்கு என்னை மட்டுப்பிடிக்க முடியவில்லை. அம்புலன்ஸில் வந்த தம்பி என்று அந்தப் பெண் சொல்லியும் தெரியவில்லை. சீருடையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"அடுப்பை நிப்பாட்டினது நான்தான் ஆச்சி" என்றேன்.

"ஓ, அந்தப் பெடியனே" என்றார். "சோறு அடிப்பிடிச்சுப் போச்சே மோனை?"

இல்லை, தண்ணீர் இருந்தது என்றேன்.